எச்சில் விழுங்கும் குரல்

விளக்கு வைத்து, மணல்முனையின் கடைசி வீட்டிலும் சோறு வடித்து முடித்த பிறகு, அடிப்பிடித்த சட்டியைச் சிப்பியால் சுரண்டுவதைப் போல ஒரு சத்தம் கேட்டது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தாதான் அதை முதலில் கேட்டாள். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று நினைத்தாள், பாத்திரம் தேய்க்கிற சத்தம் வானத்திலிருந்து வராதே என்று நினைத்தாள், அதற்குள் சத்தம் ஒரு செருமலாகி, செருமல் ஒரு குரலாகி, ஆணென்றும் பெண்ணென்றும் சொல்ல முடியாத அந்தக் குரல் ஊர் முழுக்கக் கேட்கும்படி, செய்தி வாசிப்பவரைப் போல நிதானமாகச் சொன்னது: "கிழக்குத் தெரு சேசம்மாள் வீட்டுப் பூனை இப்போது உறியிலிருக்கும் நெத்திலிக் கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் பாயவில்லை. பாயும்."

பாய்ந்தது. சேசம்மாள் போட்ட கூச்சலில் ஊரே அதைத் தெரிந்துகொண்டது.

குரல் வந்தது மீன் ஏலக்கூடத்தின் உச்சியில் இருந்த கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து. ஒரு காலத்தில் அதில்தான் காற்றும் மழையும் புயலும் சொல்லுவார்கள். ஒரு கார்த்திகையில் அது போகாதே போகாதே என்று கத்தியும், "இது என்னைக்குத்தான் கத்தல" என்று சிரித்துவிட்டுப் போன படகுகள் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து மணல்முனையில் கூம்பு சொன்னால் சொன்னதுதான்; வானம் நீலமாகத் துடைத்து வைத்தாற்போல் இருந்தாலும், கூம்பு வேண்டாம் என்றால் ஒருவரும் கரையை விட்டு இறங்கமாட்டார்கள். பிறகு எல்லார் கையிலும் செல்போன் வந்தது, காற்றும் மழையும் அதிலேயே வந்தன, கூம்பின் வயரை யாரோ அறுத்துச் செம்புக்கு விற்றுவிட்டார்கள், உள்ளே மைனா கூடு கட்டியது.

"வயரில்லாம எப்படிலே பேசுது?" என்று ஒருவர் கேட்டதற்கு, ஐஸ் கம்பெனியில் கரண்டு வேலை பார்க்கிறவர், "உம்ம செல்போனுக்கு வயரா இருக்கு?" என்றார். அத்தோடு அந்தக் கேள்வி முடிந்துபோயிற்று.

அதன் பிறகு தினமும் இருட்டியதும் அது பேசியது, ஊர் அதற்கேற்ப நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. பங்குச் சாமியார் மாலைச் செபமாலையை அரைமணி நேரம் முன்னுக்குத் தள்ளினார். சுண்டல்காரர் பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டு ஏலக்கூடத்து வாசலில் அடுப்பைப் போட்டார். தங்களைப் பற்றி எப்போது சொல்லுமோ என்று பெண்கள் சாயங்காலமே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டார்கள், ஆண்கள் கைலியை இறக்கிக் கட்டிக்கொண்டார்கள், புருஷனும் பெண்சாதியும் சண்டை போடுவதாக இருந்தால் மத்தியானத்துக்குள் போட்டு முடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் வீட்டுக் குழம்பில் உப்பு கூடிப்போனதை ஊரே கேட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார், அடுத்த வீட்டுக்காரரோ தன்னைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லையே என்று அதைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

பொய் எப்போது உள்ளே வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்த முதல் பொய் கஸ்பார். வலை பின்னுகிற கஸ்பார், நாற்பது வயது, நல்ல திடகாத்திரம், கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருந்தபோது, கூம்பு சொன்னது: "வலைக்காரர் கஸ்பார் இன்று மாலை அமைதியாக உயிர் நீத்தார்."

"ஏய், நான் இந்தா இருக்கேம்லா!" என்று கஸ்பார் எழுந்து நின்றார்.

யாரும் கத்தவில்லை. எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கோயிலில் துக்கமணி அடித்தது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள், கஸ்பார் தன் வீட்டு வாசலில் நின்று அவர்களுக்குக் கைகொடுத்தார், அவர்கள் அவரிடமே "எப்படி இருந்த மனுசன்" என்று சொல்லி அழுதார்கள், அழுகையின் சூட்டில் அவரும் கொஞ்சம் அழுதார். தோண்டிய குழியை வீணாக்கக் கூடாதென்று அவருடைய நல்ல சட்டையை வைத்து மூடினார்கள். அன்று முதல் அவர் பெயர் மரிச்ச கஸ்பார். மரிச்ச கஸ்பார் வலை பின்னினார், மரிச்ச கஸ்பார் டீ குடித்தார்.

கூம்பின் கண்ணுக்குத் தெரிகிற வீடுகளைப் பற்றி அது ஓரளவுக்கு உள்ளதைச் சொல்லும், மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பதைத்தான் அது இஷ்டத்துக்குக் கட்டிச் சொல்லும் என்று ஊர் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தது. அதற்காக அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கதவைத் திறந்து வைத்தார்கள். ராத்திரியும் பகலும், மழையும் வெயிலும், கதவு காற்றில் சாத்திக்கொள்ளக் கூடாதென்று வலைக்கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார்கள். மணல்முனையில் மணல் வீட்டுக்குள் வந்தது, நாய்கள் வந்தன, நண்டுகள்கூட வந்து அடுப்படியில் ஒதுங்கின. தாழ்ப்பாள்கள் எல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்துப்போயின.

ஜெசிந்தாவின் வீட்டிலும் அப்படித்தான். தூத்துக்குடியில் சிஸ்டர்களின் போர்டிங்கில் படித்து வளர்ந்து, மெல்கியோருக்கு வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள் அவள். மெல்கியோர் வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற தோணியில் வேலை பார்த்தான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போனவன். பிள்ளை பிறந்து, ரீத்தா என்று ஞானஸ்நானம் கொடுத்து, அது குப்புற விழுந்து தலை தூக்கவும் ஆரம்பித்துவிட்டது. தோணியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஆனால் கூம்பு சொன்னது. தினமும், கடைசியாக, அவனைப் பற்றிச் சொன்னது. "மெல்கியோர் ஒரு தீவில் இருக்கிறான். பாய்மரத்தைச் செப்பனிடுகிறான். தென்னை மரத்தடியில் சூரை மீன் சுட்டுத் தின்கிறான். இன்னும் பார்க்காத தன் குழந்தையின் பாதம் எவ்வளவு நீளம் இருக்கும் என்று மணலில் விரலால் வரைந்து பார்க்கிறான்." அந்த நேரத்தில் அவளும் மாமி கத்தரீனாளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். மற்ற நேரத்தில் மாமிக்கும் மருமகளுக்கும் அவ்வளவாகப் பேச்சில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் பிள்ளை விடிந்ததிலிருந்து அழுதது. வயிற்று வலியா, பல்லா, கண்ணேறா, ஒன்றும் தெரியவில்லை. மாமி பூசைக்குப் போயிருந்தாள். பல நாளாகத் தூக்கம் இல்லாத ஜெசிந்தாவுக்கு, தான் நடப்பது தரையிலா தண்ணீரிலா என்றே தெரியாதது போல் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்து கிணற்றடியில் வந்து நின்றாள். கிணற்றுக்குள் வானம் கிடந்தது. பிள்ளை அதைப் பார்த்து அழுகையை நிறுத்தியது. அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

இருட்டியதும் கூம்பு சொன்னது: "ஜெசிந்தா கிணற்றைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். கைகள் கொஞ்சம் தளர்ந்தால் என்னவாகும் என்று நினைத்தாள்."

யாரும் அவளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுவந்தார்கள், பழம் கொண்டுவந்தார்கள், கிணற்றின் வாயில் மீன்வலையை விரித்துக் கட்டினார்கள். மாதர் சபைத் தலைவி பெனடிக்டா டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்கிடாதம்மா. உம்மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா கூம்பு சொல்லிட்டுல்லா."

பிள்ளை மாமியின் அறைக்குப் போனது. பால் கொடுக்க மட்டும் அவளிடம் வரும்; வரும்போதெல்லாம் இரண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாகப் பேசிக்கொண்டே, அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து டவுனில் இருக்கும் நாத்தனார் ஸ்டெல்லாவுக்குப் பிள்ளை இல்லை; வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரீத்தாவை அவள் கூட்டிப்போய் வளர்ப்பது என்று சபையில் முடிவானது. எதுவரைக்கும் என்று ஜெசிந்தா கேட்டாள். கூம்பு வேற மாதிரி சொல்லுறவரைக்கும் என்றார்கள்.

பிள்ளை இல்லாத மடியோடு அவள் சாயங்காலங்களில் கூம்பைக் கேட்டாள். வேறு வேலை இல்லாததால் முன்பு கேட்காத விதமாகக் கேட்டாள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் போர்டிங்கின் சனிக்கிழமைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. சனிக்கிழமை தோறும் பிள்ளைகள் வரிசையில் நின்று, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாவத்துக்கு எங்கே போவது? வெறுங்கையோடு போய் முழங்காலிடப் பயந்து, அவர்கள் பாவங்களை உண்டாக்கிக்கொண்டு போனார்கள். வெல்லம் திருடினேன், தங்கச்சியைக் கிள்ளினேன் என்று, வெல்லமும் தங்கச்சியும் இல்லாத பிள்ளைகள் சொன்னார்கள். சொல்லுவதற்கு முன்னால் எல்லாருக்கும் தொண்டையில் ஒரு சத்தம் வரும். எச்சில் விழுங்குகிற சத்தம். வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்கு அது நன்றாகக் கேட்கும்.

கூம்பும் விழுங்கியது. சேசம்மாளின் பூனைக்கு விழுங்கவில்லை, ஐஸ் கம்பெனி மோட்டார் நின்றுபோனதற்கு விழுங்கவில்லை. பெனடிக்டா டீச்சர் கனவில் இறக்கை வைத்த சம்மனசுகளோடு தாயம் விளையாடுகிறார் என்று சொல்லுவதற்கு முன்னால், சின்னதாக, க்ளக் என்று, விழுங்கியது. அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. ஊரே காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது வெறுங்கையோடு வரப் பயப்படுகிறது, அவ்வளவுதான். ஆனால் கிணற்றைப் பற்றிச் சொன்ன அன்று அது விழுங்கியதா? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் அவளுக்கு நினைவில்லை.

கிணற்று வலையைச் சரிபார்க்க மரிச்ச கஸ்பார் வந்தார்.

"அண்ணே, உங்களப் பத்திச் சொன்ன அன்னைக்கு, அதுக்கு முன்னால அது எச்சி முழுங்குச்சா?"

கஸ்பார் வலையின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "முழுங்குச்சு தங்கச்சி. கடல தின்னுட்டு இருந்தேம்லா, நாந்தான் முழுங்குனேன்னு நெனச்சேன்."

"அப்ப அது பொய்ன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"நான் உசுரோட இருக்கேன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "மொதல்ல சொல்லத்தான் செஞ்சேன். எம் பொண்டாட்டிதான், 'சும்மா கெடங்க, அழுதுட்டுப் போன ஆளுவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்'னுட்டா. இப்ப பழகிட்டு. ராத்திரி படுக்கையில மட்டும் நெஞ்சுல கைய வச்சுப் பாப்பேன். துடிக்கத்தான் செய்யுது. ஆனாலும் பாத்துக்க, ஊரு சொல்லுததையும் ஒரேயடியாத் தள்ள முடியல."

அன்று ராத்திரி கூம்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கடைசிக்கு வந்து, ஒரு நொடி நின்றது.  அது விழுங்கியது, இதுவரை விழுங்காத அளவுக்கு, கிணற்றில் கல் விழுவதைப் போல விழுங்கியது, பிறகு சொன்னது: "மெல்கியோர் இன்று தீவில் ஒரு சின்னச் சங்கு பொறுக்கினான்."

மாமியின் கை அவள் கையைத் தேடி வந்தது. அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாமி கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது ஜெசிந்தா பக்கத்தில் போய்க் குத்தவைத்தாள்.

"மாமி, அது பொய் சொல்லுது. பொய் சொல்லுறதுக்கு முன்னால எச்சி முழுங்குது. நீங்க கேட்டுப் பாருங்க."

மாமியின் அரிவாள்மணை நிற்கவில்லை. "எனக்குக் காது செவிடுன்னு நெனச்சியாளா?"

"மாமி?"

"எம் பிள்ளையப் பத்திச் சொல்லயிலதான் பெருசா முழுங்குது. மொத நாளே கேட்டேன்."

"பொறவு ஏன் மாமி…"

"முழுங்கட்டும். முழுங்கிட்டாவது சொல்லுதுல்லா, எம் பிள்ள மீன் சுட்டுத் திங்கான்னு. நீ சொன்னியா? தோணிக்காரர் சொன்னாரா? சாமியார்கிட்டப் போனா, செபம் பண்ணுங்கன்னு சொல்லி அனுப்புதாரு." மாமி ஒரு மீனின் தலையை நறுக்கித் தள்ளினாள். "அது உன்னப் பத்திச் சொன்னது பொய்யின்னா அவனப் பத்திச் சொன்னதும் பொய்தான். ஒரு வாயி சொன்னதுல எனக்கு வேண்டியத மட்டும் பொறுக்கி எடுக்க நான் என்ன கருவாடா வாங்குதேன்?"

"நாளைக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க மாமி."

"தெரியும்."

"நான் அப்படி நெனைக்கல மாமி. மாதா மேல சத்தியமா நான்…"

அவள் தொண்டையில் அந்தச் சத்தம் வந்தது. க்ளக்.

அரிவாள்மணை நின்றது. மாமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.  இனி எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று ஜெசிந்தாவுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு அந்தப் பயத்துக்கும் கீழே கால் ஊன்ற ஒரு தரை இருப்பது தெரிந்தது, அதில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்:

"நெனச்சேன் மாமி. ஒரு நொடி. காக்கா வந்து சுவத்துல உக்காருமே, அந்த மாதிரி வந்து உக்காந்துச்சு. நான் வெரட்டல, எனக்கு வெரட்டத் தெம்பில்ல. அதுவா எந்திரிச்சுப் போச்சு. போன பொறவுதான் எனக்குப் பயம் வந்துச்சு. பிள்ளைய எப்படிப் புடிச்சேன்னா, அதுக்கு வலிச்சு அழ ஆரம்பிச்சிட்டு. இதக் கூம்பு சொல்லல."

மாமி கேட்டுக்கொண்டே இருந்தாள், பேச்சு முடிந்த பிறகும் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெசிந்தாவின் தொண்டையில் ஒரு சத்தமும் இல்லை.

"மீன் கழுவுன தண்ணிய வேலியோரம் ஊத்து" என்றாள் மாமி. 

அன்று சாயங்காலமே ஸ்டெல்லா வந்துவிட்டாள், பால்புட்டியும் புதுக் கொசுவலையும் கிலுகிலுப்பையுமாக. "நான் கண்ணு மாதிரிப் பாத்துக்கிடுவேன் மைனி. நீங்க நல்லாத் தூங்கி எந்திரிங்க, எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள். நல்ல பெண்தான். ரீத்தாவை மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். இருட்டியது. கூம்பு செருமியது.

அன்று அது பூனையைச் சொல்லவில்லை, மோட்டாரைச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் சொன்னது: "மெல்கியோர் வந்துகொண்டிருக்கிறான்."

ஊர் ஒரே மூச்சாக எழுந்து நின்றது; அந்த இரைச்சலில் கூம்பு விழுங்குகிறதா என்று ஜெசிந்தாவுக்குக் கேட்கவில்லை.

"கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டான். தோளில் ஒரு பை. தாடி வளர்ந்திருக்கிறது."

"அண்ணேன்!" என்று கத்திக்கொண்டு ஸ்டெல்லா எழுந்தாள். ஓடுவதற்குக் கை வேண்டியிருந்தது. பிள்ளையை யாரிடம் கொடுப்பது என்று அவள் பார்க்கவேயில்லை, கைக்கு எட்டியவளிடம் கொடுத்தாள், எட்டியவள் ஜெசிந்தாவாக இருந்தாள். வாசல் காலியானது. டார்ச் வெளிச்சங்கள் தெருமுனையை நோக்கி ஓடின. பெனடிக்டா டீச்சர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மரிச்ச கஸ்பாரும் ஓடினார்.

வீட்டுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். மாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், ஜெசிந்தா பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலக்கூடத்தைத் தாண்டிவிட்டான்" என்றது கூம்பு. "ஊரார் அவனைக் கட்டிப்பிடிக்கிறார்கள்."

தெருமுனையிலிருந்து ஆரவாரம் கேட்டது. சிரிப்பும் அழுகையும் "எப்பா, மெலிஞ்சு போனியே மக்கா" என்கிற குரல்களும் கேட்டன. ஸ்டெல்லா ஏங்கி ஏங்கி அழுவது தனியாகக் கேட்டது. இத்தனை குரல்களுக்கு நடுவில் ஒரு குரலுக்காக மாமி காதைச் சாய்த்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா அந்தக் குரல்? ஜெசிந்தாவும் காதைக் கொடுத்தாள். வேண்டுமென்று கேட்டால் கேட்டுவிடும் போலிருந்தது. வேண்டுமென்று பார்த்தால், தாடியும் பையுமாக, மணல் ஒட்டிய கால்களோடு, அவனைப் பார்த்துவிடவும் முடியும் போலிருந்தது.

"இதோ, வீட்டு வாசலில் நிற்கிறான்" என்றது கூம்பு. "மூடிய கதவைத் தட்டுகிறான். அம்மா, அம்மா என்று தட்டுகிறான்."

மாமி கதவைப் பார்த்தாள். கதவு ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டப்பட்டு, ஆவென்று திறந்து கிடந்தது. லைட் வெளிச்சம் வாசலைத் தாண்டி மணலில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் காற்று மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருந்தது. அதைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"தெறந்துல்லா கெடக்கு" என்றாள் மாமி, யாரிடமும் இல்லாமல். "தெறந்து கெடக்க கதவ எதுக்குத் தட்டுதான்?"

பிள்ளை ஜெசிந்தாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னதாகச் சிணுங்கியது. மாமி சுவரைப் பிடித்து எழுந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது, அதை அவள் துடைக்கவில்லை. கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். தெருமுனை ஆரவாரம் ஊர்வலம் போல வீட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மாமி கதவைத் தள்ளினாள், அது சேர்த்து வைத்திருந்த மணலை எல்லாம் அரைத்துக்கொண்டு வந்து நிலையில் பொருந்தியது, அப்போது மணல்முனை வீடுகளில் வெகுகாலமாக இல்லாத ஒரு மறைவும் அமைதியும் அறைக்குள் வந்தன.

"நாளைக்கு நம்மளப் பத்தி என்னெல்லாம் சொல்லுமோ மாமி" என்றாள் ஜெசிந்தா.

"சொல்லட்டும்" என்றாள் மாமி. துருப்பிடித்த தாழ்ப்பாளில் இரண்டு கையையும் வைத்து, மகனைப் பெற்ற நாளில் முக்கியதைப் போல முக்கி, உள்ளேயிருந்து தள்ளிப் போட்டாள்.